மாப்பிள்ளைக்குப் பொட்டு வைத்த நாள்

சாயங்காலம் டீ நேரம் ஆனால் என் வீட்டுக்காரர் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு சாலையோரம் வந்து நிற்பார். எதிர்ப்பக்கம் இரண்டாவது மாடியில் உட்கார்ந்தபடி அதை நான் கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பேன். அவருடைய பேக்கரிக்கும் என் ஆபீசுக்கும் நடுவே ஒரே ஒரு சாலைதான். கல்லை விட்டெறிந்தால் அவர் கடைக் கண்ணாடி உடையும். எறியலாமா என்று சில நாள் தோன்றியும் இருக்கிறது, அது வேறு கதை. ஆனால் அந்தச் சாலையை அவரால் கடக்க முடியாது. நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு வரவே வராது. பொத்தானை அழுத்துவார், நிற்பார், மறுபடி அழுத்துவார், வேட்டியை மடித்துக் கட்டுவார், கேமராவை நேருக்கு நேர் முறைப்பார். அப்புறம் பிளாஸ்க்கோடு திரும்பிப் போய்விடுவார். அந்த விளக்கை எரிய விடாமல் வைத்திருப்பது நான் காவல் காக்கும் இயந்திரம். இதை வைத்துக்கொண்டு ஒரு பெண் எப்படி நிம்மதியாகக் குடித்தனம் நடத்துவது, நீங்களே சொல்லுங்கள்.

என் பெயர் கோகிலவாணி. திருப்பூரில் சாலைக் கட்டுப்பாட்டு அறையின் பகல் ஷிப்டுக்கு நான்தான் பொறுப்பு. ஊரில் இருக்கிற அத்தனை சிக்னலையும் சீரோட்டம் என்கிற ஒரு மென்பொருள் நடத்துகிறது. எந்த வண்டி எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கேமராக்கள் வழியாகப் பார்க்கும். வண்டி வந்து சேரும் நேரத்துக்குச் சரியாகப் பச்சை விளக்கைப் போடும். நின்று நின்று கிளம்பும் வண்டிதான் அதிகப் புகை விடும், அதனால் வண்டிகளை நிற்க விடாதே, ஊர்ப் புகையைக் குறை என்பதுதான் அதற்கு இட்ட கட்டளை. அது வந்த புதிதில் சிக்னல்களில் இருந்த நம்பர் பலகைகளை அணைத்துவிட்டார்கள். எழுபது, அறுபத்தொன்பது என்று இறங்கிக்கொண்டே வருமே, அதுதான். அடுத்த நொடி என்ன செய்யும் என்று அதற்கே தெரியாதபோது பலகை எதற்கு?

அறையில் நாங்கள் யாரும் சீரோட்டம் என்று அழைப்பதில்லை. மாப்பிள்ளை என்போம். ஏசி போட்ட அறையில் உட்கார்ந்திருக்கும், எல்லோரும் சுற்றி நின்று பணிவிடை செய்ய வேண்டும், நாம் ஒன்று சொன்னால் கேட்காது. வேறென்ன பெயர் வைப்பது?

எங்கள் ஆபீஸ் இருக்கும் சந்திப்பான மசக்காட்டுப் பிரிவில் ஒரு பக்கம் பனியன் கம்பெனிகள், இன்னொரு பக்கம் தொழிலாளர்களின் லைன் வீடுகளும் என் வீட்டுக்காரர் சென்னியப்பனின் பேக்கரியும். முன்பெல்லாம் காலையில் கூட்டம் கூட்டமாகப் பெண்கள் சாலையைக் கடந்து வேலைக்கு வருவார்கள். அவரும் டீ நேரத்துக்குக் கடந்து வருவார். விடியுமுன் அவர் கடைக்குக் கிளம்பிவிடுவார், நான் வீடு திரும்பும்போது அவர் கடையில் வியாபாரத்தில் இருப்பார். முகம் பார்த்துப் பேச எங்களுக்கு வாய்த்தது அந்த ஒரு டீ நேரம்தான். நடப்பவர் ஒருவர் கடக்க நாற்பது வண்டி நிற்க வேண்டியிருக்கிறது என்று மாப்பிள்ளை கண்டுபிடித்தது. அன்றிலிருந்து பச்சை சுருங்கிச் சுருங்கி, கடைசியில் டீயும் போயிற்று. ஒரு தடவை பொறுக்கமாட்டாமல் நானே கையால் விளக்கைப் போட்டேன். அதற்கு எனக்கு மெமோ வந்தது.

இனி அந்த அரைகுறை விளக்கும் இருக்காது என்றார்கள். டெப்போவிலிருந்து ஆற்றுப்பாலம் வரை சாலை நடுவே ஆள் உயரத்துக்குக் கம்பி வேலி போட்டு, மசக்காட்டுப் பிரிவில் கடக்கும் இடத்தையே நிரந்தரமாக மூடிவிடுவது என்று திட்டம் தயாராக இருந்தது. சீரோட்டத்தால் புகை குறைந்தது உண்மை என்று வெளியாள் ஒருவர் மதிப்பிட்டுக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. போட்டால் அடுத்த மாதமே வேலி. அப்படி ஆனால் கடையை மூடிவிட்டுச் சொந்த ஊரான சென்னிமலைக்கே போய்விடுவதாக என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

"நீயும் உன்ற மாப்பிள்ளையும் இங்கயே இருங்க" என்றார் கடைக்கு லீவு விட்ட ஒரு நாள், தட்டைப் பார்த்துக்கொண்டே. "நான் அக்கட்டால போயிக்கறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிற குரல் இல்லை அது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வெளியாள் ஜெரோம். தூத்துக்குடிக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், எப்போதும் எதையாவது கொறித்துக்கொண்டே யோசிப்பவர். சாலைப் புகையை அளந்து சொல்வதுதான் அவர் தொழில். சீரோட்டத்தின் கணக்கை நம்பி இருக்கக்கூடாது என்று முந்தின வருடமே ஊர் முழுக்க விளக்குக் கம்பங்களில் புகை அளக்கும் பெட்டிகளை மாட்டி வைத்திருந்தார். வந்த முதல் நாளே என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மாப்பிள்ளையோடு பேச ஆரம்பித்தார்.

"நேத்து எவ்ளோ புகை மிச்சம் புடிச்ச?"

"நேற்று நூற்றுக்கு முப்பத்தொரு பங்கு குறைந்தது" என்றது மாப்பிள்ளை, செய்தி வாசிக்கும் குரலில்.

"எதைவிடக் கொறஞ்சுது?"

"நான் இல்லாதிருந்தால் வந்திருக்கக்கூடிய புகையைவிட."

"நீ இல்லாதிருந்தா எவ்ளோ வந்திருக்கும்னு யாரு சொன்னா?"

"நானே கணக்கிட்டேன்."

ஜெரோம் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியளாக்கா, பரீட்சை எழுதுனவனே பேப்பரத் திருத்துன மாதிரில்லா இருக்கு!"

"அப்ப அது பொய் சொல்லுதுங்களா?" என்றேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு குட்டிச் சந்தோஷம்.

"பொய்யின்னு சொல்ல மாட்டேன். அதுக்குத் தெரிஞ்சதச் சொல்லுது. இது இல்லாத ஊரு எப்படி இருக்கும்னு பாத்தாத்தான நமக்கு உண்மை தெரியும்? இது வந்த அன்னைலேருந்து ஒரு நிமிசம் நின்னதில்ல. ஒரே ஒரு நாள் நிறுத்திப் பாக்கணும். அவ்ளோதான் நான் கேக்குதேன்."

கேட்டார். சீரோட்டத்தை உருவாக்கிய நிறுவனத்தின் மேலாளர் ரோகித் முடியவே முடியாது என்றார். அவர் கெட்டவர் இல்லை, தான் பெற்ற பிள்ளையை ஆஸ்பத்திரியில் அறுக்கக் கேட்டதுபோல் பதறுவார், அதுதான். "ஒப்பந்தத்துல ஒரு நிமிஷம்கூட நிறுத்தக் கூடாதுன்னு இருக்கு. நிறுத்தினா அன்னிக்கு வர்ற புகைக்கு யார் பொறுப்பு? நீங்களா?" என்று ஜெரோமைக் கேட்டார். ஜெரோம் இன்னொரு கடலை மிட்டாயைப் பிரித்தார்.

அன்று மத்தியானம் அவரை எங்கள் பேக்கரிக்கு அழைத்துப் போனேன். எதிரே தெரிகிற கடைக்கு ஆட்டோ பிடித்து, வண்டி திரும்ப இடமிருக்கும் ஆற்றுப்பாலம் வரை போய்த் திரும்பி வந்து இறங்கினோம். என் வீட்டுக்காரர் ஜெரோமுக்குப் பன் பட்டர் ஜாமும் டீயும் வைத்தார். எனக்கு டீ மட்டும். அதிலும் சர்க்கரை இல்லை.

"ஏனுங்க, சர்க்கரை?"

"உன்ற மாப்பிள்ளையக் கேளு."

பக்கத்துப் பெஞ்சில் சாரதாமணி தன் பழைய பெட்ரோல் மொபெட்டை வாசலில் நிறுத்திவிட்டு முட்டை பப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். எதிரே இருக்கும் பனியன் கம்பெனியில் டெய்லர். லைன் வீட்டில் குடியிருப்பவள். ஜெரோம் சும்மா இருக்க மாட்டாரே, வண்டி எப்போது வாங்கியது என்று விசாரித்தார்.

"வைகாசியிலீங்க சார். வேணும்னா வாங்குனேன்? அதா தெரியுது பாருங்க, அதானுங்க எங்க கம்பெனி. நடந்தா ஒரு எட்டு. வெளக்கு வந்தாத்தான நடக்கறதுக்கு? லேட்டாப் போனா வாசல்லயே நிக்க வெச்சுப்போடறாங்க. அதான் இந்தக் கருமத்த வாங்கித் தொலைச்சேன். பாலம் வரைக்கும் போயிச் சுத்திட்டு வர்றதுக்குள்ள முதுகு போயிருது."

"ஒங்க லைன்ல வேற யாரெல்லாம் வண்டி வாங்கியிருக்காங்க?"

"யாரெல்லாமுன்னா? எல்லாருந்தானுங்க. பேட்டரி வண்டி வாங்க ஆருகிட்ட இருக்குது? எல்லாம் பழைய வண்டிதான். நடந்து போற ஆளு இப்ப எங்க லைன்ல ஒருத்தருமில்லீங்க."

ஜெரோம் பன்னை டீயில் தோய்த்த கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். பன் கரைந்து டம்ளருக்குள் விழுந்துவிட்டது. திரும்பும்போது ஆட்டோவில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "எனக்கு ஒரு நாள் வேணும்க்கா. ஒரு நாள் இல்லாம இத என்னால நிரூபிக்க முடியாது." மாதக் கடைசிக்குள் அவர் அறிக்கை தந்தாக வேண்டும். நடுவில் இருந்தது ஆயுத பூஜை மட்டும்தான்.

ஆயுத பூஜைக்குத் திருப்பூர் எப்படி இருக்கும் என்று வந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தையல் மெஷினிலிருந்து தண்ணி லாரி வரைக்கும் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டுவிடுவார்கள். வண்டிகளின் முன்னால் வாழைக்கன்று ஆடும். முந்தின வருடம் அதைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை, "சாலைகளில் வாழைத்தோப்பு நகர்கிறது, காரணம் தெரியவில்லை" என்று அறிவித்தது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

முந்தின வருடம்வரை கேமராக்களைப் பராமரித்தது ரோகித்தின் ஆட்கள். அந்த வருடம் ஆடி மாதத்திலிருந்து அந்த வேலை எங்கள் ஊர்ப் பையன்களுக்கு வந்திருந்தது. அவர்களுக்கு மேஸ்திரி நாச்சிமுத்து. கம்பம் ஏறுவதில் கெட்டிக்காரர், பக்திமான், எதைச் செய்தாலும் குறை வைக்காமல் செய்பவர். பூஜைக்கு முதல் நாள் வந்து தலையைச் சொறிந்தார்.

"மேடம், நம்ம ஆயுதத்துக்கெல்லாம் பொட்டு வெச்சுரலாமுங்களா?"

"தாராளமா வெச்சுக்குங்க" என்றேன். ஏணி, ஸ்குரூ டிரைவர், கட்டிங் பிளேயர் என்றுதான் நினைத்தேன். கடவுள் சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பூஜையன்று காலை நான் வந்து உட்கார்ந்ததும் ரயில்வே பாலத்துத் திரை மஞ்சளாயிற்று. நடுவில் ஒரு சிவப்பு வட்டம். அடுத்து பஸ் ஸ்டாண்டு. அடுத்து காய்கறி மார்க்கெட். வரிசையாக ஒவ்வொரு திரையாக மஞ்சளாகிக்கொண்டே வந்தது.

"எட்டாம் கேமராவில் திடீரெனச் சூரியன் மறைகிறது" என்றது மாப்பிள்ளை. "பதினொன்றாம் கேமராவிலும். இது வழக்கமான நேரம் இல்லை."

நாச்சிமுத்துவைப் போனில் பிடித்தேன். பின்னால் மணிச் சத்தமும் பையன்களின் கூச்சலும் கேட்டது.

"ஏனுங்க நாச்சிமுத்து, கேமராவுக்கா பொட்டு வெக்கறீங்க?"

"ஆமாங்க மேடம். நம்மளுக்குச் சோறு போடறதே அதுதானுங்களே. அதுக்கு வெக்காம ஏணிக்கு மட்டும் வெச்சாச் சாமி கோவிச்சுக்காதுங்களா?"

"அட, அதுக்குக் கண்ணாடி மேலயா வெப்பாங்க?"

"பொட்டு நெத்தியிலதானுங்க வெக்கோணும். கேமராவுக்கு நெத்தி எதுங்க? முன்னால இருக்கறது அந்தக் கண்ணாடி ஒண்ணுதானுங்க." அவர் குரலில் அவ்வளவு நியாயம் இருந்தது. "இன்னும் நாலு கம்பந்தான் பாக்கி மேடம். சந்தனம் நெம்பக் கொழகொழன்னு இருந்துதுன்னு கெட்டியாக் கொழச்சு வெச்சிருக்கறேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதற்குள் அந்த நாலு திரையும் மஞ்சளாகிவிட, மாப்பிள்ளை பேசியது. "என் பார்வை முழுவதும் போய்விட்டது. பாதுகாப்பு விதிப்படி எல்லாச் சிக்னல்களையும் பழைய நேரக் கணக்கிடம் ஒப்படைக்கிறேன். நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?"

"கொஞ்ச நேரம் சும்மா இரு மாப்பிள்ளை" என்றேன்.

எழுந்து ஜன்னலுக்குப் போனேன். கேமராவில்லாமல் அந்தச் சாலையை ஜன்னல் வழியாகப் பார்த்தே பல மாதம் ஆகியிருந்தது. மசக்காட்டுப் பிரிவின் நம்பர் பலகை மறுபடி எரிந்துகொண்டிருந்தது. அறுபது, ஐம்பத்தொன்பது. சிவப்பில் பைக்கோடு நின்றவர்கள் நிமிர்ந்து பலகையைப் பார்த்தார்கள். அப்புறம், யாரும் சொல்லாமலே, ஒவ்வொருவராகச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்கள். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரிந்தால் நம் ஆட்கள் பெட்ரோலை வீணாக்க மாட்டார்கள் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. சாலை திடீரென்று அமைதியானது. நடப்பவர்களுக்கான பச்சை வந்தது. போகவே இல்லை, அவ்வளவு நேரம் நின்றது.

போன் அடித்தது. ரோகித். ஈரோட்டில் மாமியார் வீட்டுக்குப் பண்டிகைக்குப் போயிருந்தார்.

"மேடம், என்ன நடக்குது அங்க? எல்லாக் கேமராவும் குளோஸ்! உடனே ஆளை அனுப்பித் துடைக்கச் சொல்லுங்க!"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். துடைக்கச் சொல்லியிருக்கலாம். நாச்சிமுத்து முனகியிருப்பார், ஆனால் நான் கண்டிப்பாகச் சொன்னால் துடைத்திருப்பார். ஜெரோமின் முகம் நினைவுக்கு வந்தது. வேலி நினைவுக்கு வந்தது. சர்க்கரை இல்லாத டீயும் நினைவுக்கு வந்தது. சாமி கும்பிடுவதில் நான் அப்படியொன்றும் சேர்த்தியில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு வந்த பக்தி இருக்கிறதே, சாமியே அசந்திருக்கும்.

"சார், பூசைக்கு வெச்சதுங்க. நாளைக்கு மறுபூசை போட்டுத்தானுங்க எடுக்கோணும்."

"என்ன மேடம் பேசறீங்க, அது கேமரா!"

"உங்க காருக்குப் பொட்டு வெச்சீங்களா சார்?"

"வெச்சோம்."

"இப்ப போயித் தொடைச்சுட்டு வந்து பேசுங்க சார்."

"மேடம்... இங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க."

"இங்கயும் அதேதானுங்க."

"நான் மேல எழுதுவேன்" என்றார். எழுதுங்கள் என்று வைத்துவிட்டேன். உடனே போக்குவரத்துக் காவலர்களுக்குச் சொல்லிப் பெரிய சந்திப்புகளில் ஆள் நிறுத்தினேன். ஆம்புலன்சின் சைரனைக் கேட்டு வழிவிடும் கருவிக்குக் கேமரா தேவையில்லை, அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு சந்திப்பாகச் சோதித்தேன். செய்தது. அப்புறம்தான் ஜெரோமைக் கூப்பிட்டேன். நான் பேச ஆரம்பிப்பதற்குள்ளேயே, "தெரியும்க்கா, ரோட்டுலதான் நிக்கேன்!" என்று கத்தினார். "பெட்டியெல்லாம் ஓடிக்கிட்டிருக்கு. போன ஆயுத பூஜைக்கும் இதே பெட்டிதான் ஓடுச்சு. போன வருசம் இது இருந்த பூஜை, இந்த வருசம் இல்லாத பூஜை. இத மாதிரி ஒண்ண நான் கேட்டாலும் யாரும் குடுத்திருக்க மாட்டாங்க!"

எல்லா இடத்திலும் நன்றாக இருந்தது என்று சொன்னால் அது பொய். ரயில்வே பாலத்தில் பழைய நேரக் கணக்கு படுத்துவிட்டது. லாரியும் பஸ்ஸும் பூசணிக்காய்ச் சிதறலும் சேர்ந்து பாலத்தின் மேல் நெரிசல், கண்ணெரிய எரியப் புகை. ஜனங்கள் என் பரம்பரையையே திட்டியிருப்பார்கள். அதைக் கேட்டபோது எனக்குச் செய்தது சரிதானா என்று இருந்தது.

ஆனால் மசக்காட்டுப் பிரிவில் சாரதாமணி மொபெட்டை விட்டுவிட்டு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பெனிப் பூஜைக்கு நடந்து வந்தாள். விளக்கு வருகிறது என்று அவள் போனில் யாருக்கோ சொல்ல, லைன் வீடுகளிலிருந்து பட்டுப்புடவையும் மல்லிகையுமாகப் பெண்கள் சாலையைக் கடந்து வந்தபடியே இருந்தார்கள். நான் ஜன்னலைவிட்டு நகரவில்லை.

டீ நேரத்துக்குக் கதவு திறந்தது. நெற்றி நிறையக் குங்குமத்தோடு என் வீட்டுக்காரர், ஒரு கையில் பிளாஸ்க், இன்னொரு கையில் பொரிப் பொட்டலம்.

"என்ன, உன்ற மாப்பிள்ளை மண்டையப் போட்டுட்டானா?"

"கண்ணுல பொட்டு வெச்சுட்டாங்க."

"அதுக்கு எதுக்கு நீ அழுகற?"

நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. வெட்கத்தை விட்டு நன்றாகவே அழுதேன். அவர் மூடியில் டீயை ஊற்றிக் கொடுத்தார். ஒரு வாய் குடித்தேன், இரண்டு பங்கு சர்க்கரை போட்டிருந்தார்.

"மெமோ வருமா?" என்றார் மெதுவாக.

"வரும்."

"வேலை போயிருமா?"

"போனாலும் போகும்."

"போனாப் போகுது. பப்ஸ் போடக் கத்துக்க" என்றார். பொரியை அள்ளி என் கையில் வைத்தார்.

மறுநாள் பூஜை போட்டு எல்லாக் கேமராவையும் துடைத்தார்கள். அதற்கடுத்த நாள் ஜெரோம் முடிவுகளோடு வந்தார். தூங்கியே இருக்கமாட்டார் போல, கண் சிவந்து கிடந்தது.

"மொதல்ல ஒண்ணு சொல்லிப்புடுதேன். ஒங்க மாப்பிள்ளை ஏமாத்துக்காரன் இல்ல. ரயில்வே பாலம், பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட்டு, எல்லா எடத்துலயும் போன வருசத்தவிட முந்தாநாள் புகை கூடத்தான் இருந்துச்சு. இது ஊருக்கு நல்லதுதான் செய்யுது. சொன்ன அளவுக்கு இல்ல, அதுல பாதி. பாதியே பெரிய விசயம்."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப வேலி?"

"இருங்கக்கா. மசக்காட்டுப் பிரிவுல மட்டும் தலைகீழா இருக்கு. இது இல்லாத நாள்தான் அங்க காத்து சுத்தமா இருந்துச்சு." மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "மசக்காட்டுப் பிரிவுல வைகாசியிலேருந்து மொபெட் கூடிக்கிட்டே வருதே. அது ஒனக்கு நல்லதா, கெட்டதா?"

"நல்லது" என்றது மாப்பிள்ளை. "ஒவ்வொரு வண்டியையும் நிற்காமல் அனுப்பும்போது கொஞ்சம் புகை மிச்சமாகிறது. வண்டிகள் கூடினால் மிச்சமும் கூடும். மசக்காட்டுப் பிரிவு என் மிகச் சிறந்த சந்திப்பு."

"அந்த வண்டியில வாரவங்க அதுக்கு முன்ன எப்படி வந்தாங்க?"

"தெரியாது. அதற்கு முன் அவர்கள் சாலையில் இல்லை."

"இருந்தாங்க. நடந்தாங்க."

மாப்பிள்ளை தன் பழைய கேமராப் பதிவுகளைத் திரையில் ஓட்டிப் பார்த்தது.

"நடப்பவர்கள் புகை விடுவதில்லை" என்றது. "புகை விடாதவற்றை எண்ணும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! நடந்து போனவளை நிற்க வைத்து நிற்க வைத்து வண்டி வாங்க வைத்துவிட்டு, அந்த வண்டியைச் சுளுவாக அனுப்பி, புகையை மிச்சம் பிடித்தேன் என்று மார் தட்டியிருக்கிறது. திட்ட வாயைத் திறந்தேன். ஆனால் யாரைத் திட்டுவது? சாரதாமணி தினமும் சாலையோரம் நின்றதை அது எண்ணவில்லை. நான் இரண்டாவது மாடியிலிருந்து பார்த்தேனே, பார்த்து என் புருஷனை மட்டும்தானே எண்ணிக்கொண்டிருந்தேன்?

ஜெரோம் அறிக்கை கொடுத்தார். சீரோட்டம் தொடரலாம், வேலி கூடாது, வண்டிகளை எண்ணுவதோடு மனிதர்களையும் எண்ண வேண்டும், நடந்து வரும் ஒவ்வொருவரையும் புகையே விடாத வண்டியாக மதித்து வழிவிட வேண்டும் என்று எழுதியிருந்தார். நம்பர் பலகைகளைத் திரும்ப எரிய வைக்கச் சொல்லியும் இருந்தார்.

ரோகித் மேலே எழுதியதும் சும்மா போகவில்லை. மாநகராட்சி ஆணையர் அம்மா என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார். மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, "ஏன் துடைக்கச் சொல்லலை?" என்று கேட்டார்.

"பாதி பக்திங்க மேடம். பாதி வேணும்னேதானுங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோகித் நிமிர்ந்து பார்த்தார். ஆணையர் அம்மா எதையோ எழுதினார். எச்சரிக்கைக் கடிதத்தோடு என்னை விட்டுவிட்டார்கள். வேலி வேலை நின்றது. வெளியே வந்ததும் ரோகித் நேராகக் காரில் ஏறிப் போய்விட்டார். ஆனால் அடுத்த வாரம் முழுவதும் எங்கள் அறையிலேயே உட்கார்ந்து, நடப்பவர்களை எப்படி எண்ணுவது என்று மாப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். நடுவில் ஒரு நாள் ஜன்னலருகே நின்றுகொண்டு, "எனக்கு இது தோணவே இல்லை மேடம்" என்றார். அவருக்கும் ஒரு டீ ஊற்றினேன்.

நடப்பவர்களை எண்ண ஆரம்பித்ததும் மாப்பிள்ளை ஆளே மாறிவிட்டது. காலை கம்பெனி நேரத்தில் மசக்காட்டுப் பிரிவில் பச்சை தாராளமாக வந்தது. தைப் பொங்கலுக்கு முன்பே சாரதாமணி மொபெட்டை விற்றுவிட்டாள். கடைக்குக் கூட்டம் திரும்பியதில் என் வீட்டுக்காரருக்கு என்னோடு சண்டை போடக்கூட நேரமில்லை. ஆனால் டீ நேரத்துக்கு வந்துவிடுவார். அவர் பிளாஸ்க்கோடு சாலையோரம் வந்து நின்றதும் விளக்குப் பச்சையாகும். ஒற்றை ஆளுக்கு இவ்வளவு சீக்கிரமா என்று சந்தேகப்பட்டு ஒரு நாள் மாப்பிள்ளையிடம் கேட்டேன். சூடான பானம் ஆறுவதற்குள் கடக்க வேண்டியவர் என்று குறித்து வைத்திருப்பதாகச் சொன்னது. அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரோகித்தைக் கேட்டால் காது கேட்காதவர்போல் இருக்கிறார்.

இந்த வருட ஆயுத பூஜைக்கு நான் முன்னெச்சரிக்கையாக இருந்தேன். கேமரா பக்கம் யாரும் சந்தனத்தோடு போகக்கூடாது என்று நாச்சிமுத்துவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் என் திரையில் மாப்பிள்ளையின் செய்தி வந்தது.

"நாளை ஆயுத பூஜை. நாச்சிமுத்து அவர்களிடம் போதுமான சந்தனம் இருக்கிறதா?"

"உனக்கு எதுக்குச் சந்தனம்?" என்று கேட்டேன்.

"நான் இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று நானே கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். அது தவறு என்று போன வருடம் தெரிந்தது. இந்த வருடக் கணக்கும் சரியா என்று என்னால் சொல்ல முடியாது. வருடத்துக்கு ஒரு நாள் நான் பார்க்காமல் இருப்பது நல்லது என்று நினைக்கிறேன். ரயில்வே பாலத்துக்குக் கூடுதல் காவலர்கள் கேட்டுக் கடிதம் தயாரித்திருக்கிறேன், உங்கள் ஒப்புதல் வேண்டும். ஜெரோம் அவர்களுக்குத் தகவல் அனுப்பிவிட்டேன்."

கடிதத்தைத் திறந்து ஒப்புதல் கொடுத்தேன்.

"இன்னொன்று" என்றது மாப்பிள்ளை. "போன முறை பதினான்காம் கேமராவில் ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைக்கச் சொல்லுங்கள்."

மறுநாள் காலை நானே சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். நாச்சிமுத்து கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். மசக்காட்டுப் பிரிவின் கேமராவுக்கு முதல் பொட்டு. கண்ணாடியில் என் முகமும், எனக்குப் பின்னால் பேக்கரியும், அதன் வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கும் என் வீட்டுக்காரரும் சின்னதாகத் தெரிந்தார்கள்.

"கண்ண மூடிக்க சாமி" என்று சொல்லிச் சந்தனத்தை அப்பினேன்.